கரப்பானுக்கு முட்டை காரணமல்ல

முட்டை ஒவ்வாமை என்பது கோழிமுட்டையில் உள்ள சில புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையென்று பதிவு செய்துகொள்வதால் வருவது. பெரும்பாலும் பிறந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். பெரும்பாலான பிள்ளைகளை வளரும் வயதிலேயே விட்டும் போய்விடும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையோரத்தில் இதைப் பற்றி நிலைபெற்றிருக்கும் கருத்து வேறு. முட்டை ஒரு கரப்பான் பண்டம். தின்றால் சொறி வரும், இழுப்பு வரும். ஒவ்வாமை வம்சத்தில் வருவது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும். ஆகவே பிள்ளைக்கு ஒரு வயது, முடிந்தால் இரண்டு வயது ஆகும்வரை முட்டையைக் கண்ணில் காட்டக் கூடாது. பாட்டி சொல்லும் இந்த மூன்றையும் தெருமுனைக் கிளினிக்கின் மருந்துச் சீட்டும் பல நேரம் வழிமொழிகிறது. மூன்றில் ஒன்றுகூட இன்றைய உயிரியலின் முன் நிற்காது. அதிலும் முதல் கூற்று வெறும் பிழையல்ல, தலைகீழ். முட்டையால் கரப்பான் உண்டாவதில்லை. கரப்பான் பிடித்த தோலின் வழியாகத்தான் முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் உள்ளே நுழைகிறது.

தள்ளிப்போடும் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒரு காலத்தில் மேலிடத்து முத்திரையே இருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, ஒவ்வாமைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பசும்பாலை ஒரு வயது வரையும், முட்டையை இரண்டு வயது வரையும், வேர்க்கடலையையும் மீனையும் மூன்று வயது வரையும் நிறுத்திவைக்கச் சொன்னது. அந்த அறிவுரைக்குப் பின்னால் உறுதியான சோதனை ஏதும் இல்லை. குடல் முதிரும்வரை காத்திருப்பது நல்லது என்ற ஊகம்தான் இருந்தது. காத்திருந்த நாடுகளில் ஒவ்வாமை குறையவில்லை. 2008இல் அதே அகாடமி, தள்ளிப்போடுவதால் பயன் உண்டு என்பதற்குத் தக்க சான்றில்லை என்று பின்வாங்கியது. அறிவுரை கடல் தாண்டி வந்துசேர்ந்தது. பின்வாங்கிய செய்தி வந்துசேரவில்லை.

ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கருவில் இருக்கின்றன. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல், சுமார் 54 விழுக்காடு, ஓவால்புமின். ஓவோடிரான்ஸ்ஃபெரின் 12, ஓவோமியூகாய்ட் 11, லைசோசைம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அளவில் சிறிய ஓவோமியூகாய்டுதான் வலுவில் பெரியது. 186 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியை ஒன்பது கந்தகப் பாலங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கொதிநீரில் கிடந்தாலும் உருவம் எளிதில் குலைவதில்லை. செரிமான நொதியான டிரிப்சினைத் தடுப்பதே அதன் வேலை என்பதால் குடலிலும் சட்டென்று உடைவதில்லை. 385 அமினோ அமிலங்கள் கொண்ட ஓவால்புமின் அப்படியல்ல. சூடு பட்டதும் மடிப்புகள் அவிழ்ந்து, எதிர்ப்பொருள் அடையாளம் காணும் பகுதிகள் பெருமளவு சிதைந்துவிடும்.

இந்த வேறுபாட்டை வேதியியல் நூலைப் புரட்டாமல் ராயபுரத்துத் தெருவோரக் கடைகளிலேயே வரிசையாகப் பார்க்கலாம். முதலில் பச்சை முட்டை. அடுத்து மஞ்சள் தளும்பும் ஆஃப்பாயில், கலக்கி. பிறகு இருபுறமும் திருப்பிப்போட்ட ஆம்லெட். பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் கொதித்த அவித்த முட்டை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அத்தோவோடு கொண்டுவந்த, நடுவே கீறி வெங்காயமும் பூண்டும் திணித்த முட்டை பேஜோவும் இதில் சேரும். கடைசியாக மைதாவோடு கலந்து அடுப்பில் வெந்த டீக்கடை கேக். இந்த வரிசையில் கீழே போகப் போகத் தூண்டும் ஆற்றல் குறைகிறது. கேக்கில் சூட்டோடு இன்னொன்றும் சேர்கிறது: கோதுமையின் பசைப்புரதம் முட்டைப் புரதத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் அது கரைந்து வெளிவருவது கடினமாகிறது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினர் நன்கு வெந்த கேக்கைத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் விளையாடப் போவது இதனால்தான். கேக் ஒத்துக்கொண்டதால் ஒவ்வாமையே இல்லை என்று முடிவுகட்டி ஆஃப்பாயில் கொடுப்பதும் தவறு. ஆஃப்பாயிலுக்கு உதடு வீங்கியதால் ரஸ்க், கேக் எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விலக்குவதும் தவறு. வலு சேர்க்கும் என்று பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு விழுங்கக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. ஒவ்வாமைக் கணக்கில் முட்டையின் மிக மூர்க்கமான வடிவம் அதுதான்.

ஒவ்வாமை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. தோலிலோ குடலிலோ உள்ள காவல் செல்கள் முட்டைப் புரதத்தின் துணுக்குகளை எடுத்துப்போய் டி-செல்களிடம் காட்டுகின்றன. சூழ்நிலை அமைதியாக இருந்தால், குடலில் பெரும்பாலும் அப்படித்தான், ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் உருவாகி அந்தப் புரதத்தை உணவென்று ஏற்கச் செய்கின்றன. அழற்சி கொண்ட தோலில் அதே துணுக்கு காட்டப்பட்டால் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 சுரக்கும் டி-செல்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் பி-செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. 1960களில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டறிந்த எதிர்ப்பொருள் இது. ஐஜிஇ போய் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இரண்டாம் கட்டம் அடுத்த முட்டையில் நடக்கிறது. புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்களை ஒருசேரப் பற்றியதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, தொண்டை இறுக்கம், மோசமான நிலையில் இரத்த அழுத்தச் சரிவு.

இங்கே முக்கியமானது நேரம். ஐஜிஇ வழி ஒவ்வாமை தின்ற சில நிமிடங்களில் தொடங்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி எடுத்துத் துவண்டுபோகும் வேறொரு குடல்வகை ஒவ்வாமையும் கைக்குழந்தைகளுக்கு உண்டு. அதில் ஐஜிஇக்குப் பங்கில்லை. இவ்விரண்டையும் விட்டால், திங்கட்கிழமை தின்ற முட்டைக்கு வியாழக்கிழமை முழங்கை மடிப்பில் வந்த சொறியைக் கணக்கெழுத இடமில்லை. கடுமையான கரப்பான் உள்ள சில பிள்ளைகளுக்கு முட்டை அரிப்பைக் கூட்டுவதுண்டு என்பது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளறுவது. நோயை உண்டாக்குவது அல்ல.

நேரத்தை அளவுகோலாக வைத்தால் இப்பகுதியில் முட்டையின் தலையில் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதி கழன்றுவிடும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர, வேதி ஆலைகளும். எண்ணூரில் நிலக்கரி இறங்கும் துறைமுகம். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்ட பின்னும் ஓயாத சாம்பல். சரக்குப் பெட்டக லாரிகளின் புகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்த எண்ணெயும் அம்மோனியாவும் தோலிலும் மூச்சுக்குழாயிலும் செய்தவை ஒவ்வாமையே அல்ல. எரிச்சலூட்டும் பொருள் திசுவை நேராகத் தாக்கியதன் விளைவு. அதற்கு ஐஜிஇயும் வேண்டாம், வம்சமும் வேண்டாம். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அழைத்துவரும் தாயிடம் ‘முட்டை குடுக்காதம்மா’ என்று சொல்லி அனுப்புவது எளிது. தடிப்போ வாந்தியோ வீக்கமோ இன்றி வெறும் இழுப்பு மட்டும் முட்டையால் வருவது அரிது என்பதை அந்தச் சீட்டு மறைக்கிறது. புகைபோக்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி அடுப்படியில் வந்து முடிகிறது.

இனி வம்சம். பெற்றோருக்கு ஆஸ்துமா, கரப்பான், மூக்கடைப்பு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது, இதை மறுப்பதற்கில்லை. வாய்ப்பு கூடுவது வேறு, வந்தே தீருவது வேறு. நிறக்குருடு போல ஒற்றை மரபணுவில் பிசகி அப்படியே இறங்கி வரும் நோய் அல்ல இது. முட்டை ஒவ்வாமைக்கென்று ஒரு மரபணு மனித உடலில் இல்லை. இருப்பவை, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தராசைச் சாய்க்கும் பல இடங்கள். அவற்றுள் நன்கு அறியப்பட்டது முதல் குரோமோசோமில் உள்ள ஃபிலாக்ரின் மரபணு. மேல்தோலின் செல்களை இறுக்கி, ஈரத்தை உள்ளே நிறுத்தும் புரதத்தைத் தருவது அது. அதில் பழுது உள்ளவர்களுக்குத் தோல் வறண்டு வெடித்துக் கரப்பான் பிடிக்கும் என்பது 2006இல் உறுதியானது. ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள அந்தப் பழுதுகள் ஆசியரிடம் அரிது. ஆசியரிடம் அதே மரபணுவில் வேறு இடங்களில் வேறு பழுதுகள் இருக்கின்றன. 2017இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்தபோது உணவு ஒவ்வாமையோடு தொடர்புள்ளவையாக ஐந்து இடங்கள் தேறின: ஃபிலாக்ரின் பகுதி, இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவை அமைந்த ஐந்தாம் குரோமோசோம் பகுதி, பதினோராம் குரோமோசோமில் ஓரிடம், பதினெட்டாம் குரோமோசோமில் செர்பின்-பி மரபணுக் கொத்து, நோய் எதிர்ப்பு அடையாளங்கள் அமைந்த எச்.எல்.ஏ. பகுதி. இவற்றில் கடைசியாகச் சொன்னது முட்டையோடு அல்ல, வேர்க்கடலை ஒவ்வாமையோடுதான் பிணைந்திருந்தது. (முட்டையின் ஓவால்புமினும் பரம்பரை வரிசையில் ஒரு செர்பின்-பிதான். இது வெறும் தற்செயல். இதிலிருந்து கோட்பாடு கட்ட வேண்டாம்.)

இந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். தோலின் இறுக்கம், மேல்பரப்புச் செல்களின் காவல், எதிர்ப்பு அமைப்பின் சாய்வு ஆகியவைதான் மரபில் வருபவை. முட்டை மரபில் வருவதில்லை. எந்தப் புரதம், எந்த வாசல் வழியாக, எந்த வயதில் முதலில் உடலைச் சந்திக்கிறது என்பதைப் பிறந்த பிறகு வாழ்க்கைதான் முடிவு செய்கிறது. மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகள் ஐந்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஹெல்த்நட்ஸ் ஆய்வில், தின்னக் கொடுத்தே உறுதிசெய்த பச்சை முட்டை ஒவ்வாமை சுமார் 9 விழுக்காடாக இருந்தது. கிழக்காசியாவில் பிறந்த பெற்றோரின் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை இன்னும் கூடுதலாக இருந்தது. அந்தப் பெற்றோரிடமோ ஒவ்வாமை குறைவு. ஆசியாவிலேயே பிறந்து பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளிடம் கொட்டை வகை ஒவ்வாமை குறைவாகக் காணப்பட்டது என்றும் அங்கே ஓர் ஆய்வு கண்டது. ஒரே வம்சம், ஒரே மரபணு. கடல் தாண்டிப் பிறந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஒரு தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது காற்று, தோல், தட்டு. ஹெல்த்நட்ஸ் ஆய்வில், அண்ணன் அக்கா உள்ள வீட்டிலும் நாய் வளர்க்கும் வீட்டிலும் முட்டை ஒவ்வாமை குறைவாக இருந்தது. வம்சம் மட்டுமே காரணமென்றால் நாய்க்கு அங்கே என்ன வேலை?

வாசல் பற்றிய கருத்தை 2008இல் லண்டனில் கிடியன் லாக் தெளிவாக முன்வைத்தார். உடைந்த தோலின் வழியே நுழையும் உணவுப் புரதம் ஒவ்வாமையை வளர்க்கும். வாய் வழியே போவது ஏற்பை வளர்க்கும். கரப்பான் கண்ட குழந்தையின் தோல் வெடித்திருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் முட்டை உண்கிறார்கள். அந்தப் புரதம் கையில் ஒட்டுகிறது, துணியில் ஒட்டுகிறது, தூசியில் கலக்கிறது. முட்டை சமைத்துண்ட வீட்டின் படுக்கைத் தூசியில் முட்டைப் புரதம் கூடுவதை ஜெர்மனியில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் ராயபுரம் குடித்தனங்களில் இதைச் சொல்லவே வேண்டாம். குழந்தையின் வாய்க்கு மட்டும் முட்டை மறுக்கப்படுகிறது. தோலுக்கு நாள்தோறும் ஊட்டப்படுகிறது. ஏற்பு உண்டாக்கும் வாசலை மூடிவிட்டு, பகை உண்டாக்கும் வாசலைத் திறந்துவைப்பதைத்தான் இங்கே பத்தியம் என்று அழைக்கிறார்கள்.

தோலைக் கெடுப்பதற்கு இந்தப் பகுதியில் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; உப்பும் கடினமும் கூடிய நீரில் சோப்பு நுரைக்காது, தோலிலேயே படிந்து நிற்கும். கடினநீர்ப் பகுதிக் குழந்தைகளிடம் கரப்பான் கூடுதல் என்று பிரிட்டனில் கண்டிருக்கிறார்கள். எரிபொருள் புகையில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் தோல் செல்களின் ஓர் ஏற்பியைத் தூண்டி அரிப்பையும் அழற்சியையும் கிளப்புவதை எலிகளிடம் காட்டியிருக்கிறார்கள். இதற்கான மருந்து முட்டை விலக்கு அல்ல. குளித்ததும் ஈரம் காயும் முன் தடவும் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு, கடுமையான சோப்பைக் கைவிடுவது, அழற்சி உள்ள இடத்தில் மருத்துவர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு களிம்பு. கரப்பானை அடக்குவதே முட்டை ஒவ்வாமைக்கு எதிரான முதல் தடுப்பு.

வாய் வாசலைத் திறப்பதற்கான சான்று ஜப்பானிலிருந்து வந்தது. கரப்பான் உள்ள கைக்குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, கரப்பானுக்கு முறையாக மருந்திட்டுக்கொண்டே, ஒரு பாதிக்கு ஆறாம் மாதம் முதல் நாள்தோறும் 50 மில்லிகிராம் வெந்த முட்டைத்தூளும் ஒன்பதாம் மாதம் முதல் 250 மில்லிகிராமும் கொடுத்தார்கள், மறுபாதிக்கு வெற்றுத்தூள். ஒரு வயதில் சோதித்தபோது வெற்றுத்தூள் தின்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கு முட்டை ஒவ்வாமை. முட்டைத்தூள் தின்றவர்களில் 8 விழுக்காடு. வேறுபாடு அத்தனை பெரிதாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ‘பெட்டிட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் அச்சானது. மெல்பர்ன் ஆய்விலும் 4 முதல் 6 மாதத்தில் முட்டை தொடங்கியவர்களைவிட ஒரு வயதுக்குப் பின் தொடங்கியவர்களுக்கு ஒவ்வாமை வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். மறுதரப்புக்குச் சாதகமான ஆய்வும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வேகாத முட்டைத்தூளைக் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் கடுமையான கரப்பான் கொண்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்தத் தூளுக்கே எதிர்வினை வந்தது. முட்டையே கூடாது என்பதற்கு இது சான்றாகாது. நன்கு வேகவைத்துக் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும், கரப்பான் கடுமையாக இருந்தால் முதல் வாய் மருத்துவரின் கண்முன் நடக்க வேண்டும் என்பதற்குத்தான் சான்று.

விலக்கே கேடாகும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. உணவு கரப்பானைக் கிளறுகிறது என்று விலக்கு பத்தியத்தில் வைக்கப்பட்ட பிள்ளைகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. முன்பு உடனடி எதிர்வினை எதுவும் காட்டாதிருந்த அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பின்னாளில் உடனடி ஒவ்வாமைக்கு ஆளானார்கள். தின்றுகொண்டிருந்தவரை உடல் பொறுத்துக்கொண்டது. நிறுத்தியதும் பொறுமை போய்விட்டது.

ஒவ்வாமை பிறவிக் குணமல்ல என்பதற்கு வடசென்னைக்கு மிக நெருக்கமான சான்று மாடிப் புறாக்கூண்டில் இருக்கிறது. பறவைகளோடு நெடுங்காலம் பழகும் பெரியவர்களில் சிலருக்கு, இறகுத் துகளையும் எச்சத் தூசியையும் மூச்சில் இழுத்து இழுத்துப் பறவையின் இரத்த அல்புமினுக்கு எதிராக ஐஜிஇ உருவாகிறது. அதே அல்புமின் ஆல்ஃபா-லிவெட்டின் என்ற பெயரில் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருப்பதால், வாழ்நாளெல்லாம் முட்டை தின்றவருக்கு நடுவயதில் மஞ்சள் கரு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. மருத்துவ நூல்கள் பறவை-முட்டை நோய்க்குறி என்று குறிக்கும் இது அரிதானதுதான். ஆனால் பந்தயப் புறா வளர்க்கும் தெருக்களில் பணியாற்றும் மருத்துவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. குழந்தைப் பருவ ஒவ்வாமை வெள்ளைக்கருவில், இது மஞ்சளில். வாசல் மாறினால் பகையாகும் புரதமே மாறுகிறது.

நாட்டுக்கோழி முட்டை ஒன்றும் செய்யாது, நாமக்கல் வெள்ளை முட்டைதான் ‘ஊசி போட்ட’ முட்டை என்பதால் ஒவ்வாமை தருகிறது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இரண்டும் ஒரே இனக் கோழி. வெள்ளைக்கருவில் அதே ஓவோமியூகாய்ட், அதே ஓவால்புமின். வாத்து முட்டையும் காடை முட்டையும்கூடப் பெரும்பாலும் குறுக்கு எதிர்வினை காட்டும்.

இரத்தப் பரிசோதனை விற்பனை பெருகிவிட்டதால் அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஐஜிஇ இருப்பது ஒன்று, ஒவ்வாமை இருப்பது மற்றொன்று. பெங்களூரு, மைசூருப் பகுதியில் வயதுவந்தோரிடம் நடந்த ஆய்வில் ஏதாவதோர் உணவுக்கு எதிரான ஐஜிஇ 26.5 விழுக்காட்டினரிடம் இருந்தது. உண்மையான உணவு ஒவ்வாமை எனக் கருதத்தக்கது 1.2 விழுக்காடு மட்டும். அந்த ஆய்வு இடம்பெற்ற பன்னாட்டுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், பங்கேற்ற இடங்களிலேயே உணவு ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது இந்தியாவில்தான்: 0.14 விழுக்காடு. ஆகவே அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு ‘அலர்ஜி பேனல்’ எடுத்து, காகிதத்தில் சிவப்பாக வந்த ஒவ்வோர் உணவையும் நிறுத்தினால், ஒவ்வாமை இல்லாத பல பிள்ளைகளின் தட்டு காலியாகும். ஐஜிஜி அளந்து தரும் பட்டியல்கள் இன்னும் மோசம். ஓர் உணவுக்கு ஐஜிஜி இருப்பது அதைத் தின்று பழகியதன் அடையாளம், ஒவ்வாமையின் அடையாளமல்ல. முதல் சான்று நடந்த கதைதான்: எந்த வடிவ முட்டை, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது. அதற்குப் பின்தான் தோல் குத்துச் சோதனையும் இரத்தமும். ஐயம் தீராவிட்டால் மருத்துவமனையில் சிறிது சிறிதாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பதே இறுதித் தீர்ப்பு.

‘ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும்’ என்பதும் இந்த நம்பிக்கைத் தொகுப்பில் ஒன்று. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களைப் பார்த்துப் பழகியதால் வந்திருக்கலாம். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் விடுவதில்லை. முட்டை அப்படியல்ல. மெல்பர்ன் குழந்தைகளில் ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆறு வயதுக்குள் அது மறைந்துவிட்டது. சிறப்பு மருத்துவமனைகளுக்கு வரும் கடுமையான ஒவ்வாமை கொண்ட பிள்ளைகளில் விடுதலை தாமதமாகிறது. ஓவோமியூகாய்டின் சூட்டுக்கு அழியாத நேர்த்தொடர்களைப் பற்றிக்கொள்ளும் ஐஜிஇ உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 1908இலேயே ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், முட்டை பட்டாலே வீங்கும் 13 வயதுச் சிறுவனுக்கு முட்டையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கி மாத்திரையாகக் கொடுத்து, முழு முட்டை தின்ன வைத்ததை லான்செட்டில் எழுதினார். 2012இல் அமெரிக்காவில் 55 பிள்ளைகளிடம் நடந்த கட்டுப்பாடான சோதனையில், சிகிச்சை பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் 22 மாதத்தில் முட்டையைத் தாங்கினார்கள். சிகிச்சையை நிறுத்திய பின்னும் தாங்கியவர்கள் 28 விழுக்காடு. இது மருத்துவமனை வேலை. வீட்டில் யாரும் முயலக் கூடாது.

மறுப்பு எழுதும்போது எதிர்த்தரப்பின் அச்சத்தைச் சிறுமைப்படுத்தக் கூடாது. முட்டை தின்ற பிள்ளைக்குச் சில நிமிடங்களில் உடல் முழுக்கத் தடித்து, குரல் கரகரத்து, மூச்சு இரைத்து, கை கால் துவண்டால் அது உயிர் ஆபத்து. அங்கே பயன்படுவது அவில் ஊசியோ டெக்சோனாவோ அல்ல. தொடையின் வெளிப்புறத் தசையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவில் போடும் அட்ரினலின்தான் முதல் மருந்து, மற்றவை பிறகு. சில ரூபாய் விலையுள்ள அந்த ஆம்பூல் இல்லாத கிளினிக் முட்டையைப் பற்றி அச்சுறுத்தும் தகுதியை இழக்கிறது. பிள்ளைக்கு மருந்து அங்கே கிடைக்காவிட்டால் காத்திராமல் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தவறான முத்திரையின் விலை என்ன என்பதைச் சத்துணவுக் கூடத்தில் கணக்கிடலாம். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. படிப்படியாகக் கூடி 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் தரமான புரதம். மீன்பிடித் தடைக்காலத்தில் வலை காயும் வீட்டுப் பிள்ளைக்கும், ஒப்பந்தக் கூலி நின்றுபோன வீட்டுப் பிள்ளைக்கும் அன்றைய நாளின் உறுதியான புரதம் பல நேரம் அந்த ஒன்றுதான். குறிப்பேட்டில் ‘முட்டை அலர்ஜி’ என்று எழுதிய மறுநாள் அது வாழைப்பழமாக மாறுகிறது. வாழைப்பழத்தில் ஒரு கிராம் புரதம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்று தினமும் வேண்டும் என்கிறது. இங்கே அந்த வயதில்தான் முட்டைக்குத் தடை.

தடுப்பூசியிலும் இதே அச்சம் குறுக்கே வருகிறது. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி கூடாது என்று திருப்பி அனுப்புவது இன்னும் நின்றபாடில்லை. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பெரும் இயக்கமாகப் போடப்பட்ட தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் இரண்டு நுண்ணுயிரிகளும் மனித செல்களில் வளர்க்கப்படுபவை. கோழிக்கரு அதில் இல்லவே இல்லை. கோழிக்கருச் செல்லில் வளரும் பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கும், கோழிமுட்டையில் வளரும் ஃபுளூ தடுப்பூசிக்கும்கூட முட்டை ஒவ்வாமை தடையல்ல என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. உண்மையிலேயே தடையாக நிற்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்று. 1937இல் மேக்ஸ் தீலர் உருவாக்கிய 17டி நுண்ணுயிரியைக் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிப்பது அது. ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் துறைமுகங்களுக்குக் கப்பலேறும் வடசென்னை மாலுமிகள் ராஜாஜி சாலைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ கிண்டி கிங் நிலையத்திலோ அதைப் போட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்குகிறார்கள். முட்டைக்குக் கடும் எதிர்வினை கண்டவர் அங்கே அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் தவறாக எழுதப்பட்ட ஒரு சொல் இருபது ஆண்டு கழித்து ஒருவரின் கப்பல் வேலைக்கு இடையூறாகும் இடமும் இதுதான்.

ஆகவே ‘முட்டை வேண்டாம்’ என்று எழுதும் மருத்துவர்களிடம் கேட்கப்படுவது சிறியது. எந்த வடிவில் வேண்டாம் என்று எழுதுங்கள். எத்தனை நிமிடத்தில் என்ன கண்டதால் வேண்டாம் என்று எழுதுங்கள். கேக் தின்கிற பிள்ளையா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மறுசோதனைக்கு ஒரு தேதியையும் அதே சீட்டில் குறித்துக் கொடுங்கள்.